போன் து கார், கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மோன்பெலியேயில் முதுகலை படிக்கிறேன். நண்பர்களுடன் போன் து கார் போயிருந்தேன்; தென் பிரான்சில் ஆற்றின் குறுக்கே குடிநீர்க் கால்வாயைச் சுமக்கும் மூன்றடுக்கு வளைவுப் பாலம் அது. ரோமானியர்கள் சாந்தே இல்லாமல் கட்டியது என்றார்கள். அப்படியானால் தண்ணீர் ஒழுகியிருக்காதா? பிறகு ஏன் கைவிட்டார்கள்? நிலநடுக்கம் என்கிறான் ஒரு நண்பன்.

ச.

அன்புள்ள ச.,

சாந்து இல்லை என்பது கீழிரண்டு அடுக்குகளுக்குத்தான். ஆற்றோரக் குவாரியில் வெட்டிய சுண்ணாம்புக்கற்கள், சில ஆறு டன் வரை. வளைவு முடியும்வரை மரச்சட்டம் தாங்கும். உச்சிக்கல் உட்கார்ந்ததும் கற்களின் எடையே ஒன்றையொன்று இறுக்கிவிடும். துருத்திக்கொண்டிருக்கும் கற்களைக் கவனித்திருப்பீர்கள். சாரம் தாங்க விட்டவை அவை. மேலடுக்கில் சிறு கற்கள், அங்கே சாந்து உண்டு. அதன் தலைமேல்தான் கால்வாய்: 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். உட்புறம் சுண்ணாம்பும் இடித்த செங்கல்லும் கலந்த பூச்சு. முல்லைப் பெரியாறு அணையின் சுருக்கிக் (செங்கல்தூள்) கலவைக்கு இது பங்காளி. ஒழுகாததற்குக் காரணம் இந்தப் பூச்சு.

எல்லோரும் 49 மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே பெரிய வித்தை சரிவுதான். உசேஸ் ஊற்றிலிருந்து நீம் நகரம் நேர்க்கோட்டில் 20 கி.மீ.; குன்றுகளைச் சுற்றிக் கால்வாய் ஓடுவது 50 கி.மீ. மொத்த இறக்கம் 12.6 மீட்டர்தான், கிலோமீட்டருக்குச் சராசரி 25 செ.மீ. அதையும் சமமாகப் பங்கிடவில்லை. பாலத்துக்கு முன்பே சரிவைக் கூட்டிவிட்டதால் பாலத்தின் உயரத்தைச் சில மீட்டர் குறைக்க முடிந்தது. அப்பால் மிச்சமிருந்த இறக்கம் கொஞ்சம்தான், அதனால் சரிவு மிகக் குறைவு. பாலத்தின் நீளம் முழுக்கவே 2.5 செ.மீ.தான் இறங்குகிறது. அக்கால மட்டக் கருவி ஒன்றை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விவரிக்கிறார்: 20 அடி நீளப் பலகை, முனைகளில் தூக்குக்குண்டுகள். காற்றில் நூல் ஆடினால், பலகைமேல் வெட்டிய 5 அடிப் பள்ளத்தில் நீர் ஊற்றி மட்டம் பார்க்க வேண்டும்.

நிலநடுக்கம் காரணமல்ல. ஊற்றுநீரில் சுண்ணாம்பு அதிகம். சுவரில் படியப் படியச் சுரண்ட ஆள் வேண்டும். 4ஆம் நூற்றாண்டுக்குப் பின் பராமரிப்பு தளர்ந்தது. வேர்கள் புகுந்தன, படிவு சில இடங்களில் 40 செ.மீ. தாண்டித் தடித்தது. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் ஓட்டம் நின்றது. அந்தப் படிவைக் கால்வாய்க்குள் பார்க்கலாம், ஆனால் வழிகாட்டியுடன்தான் மேலே விடுவார்கள்.

படம் எடுக்க ஆற்றின் மேல்புறம், அதாவது நீர் வரும் பக்கம் நில்லுங்கள். கீழ்ப்புறத்தை 1743–47இல் ஒட்டிக் கட்டிய சாலைப் பாலம் மறைத்துவிடும். அடுத்த முறை நீமில் இறங்கி, கால்வாய் வந்து முடியும் கஸ்தெல்லுமைப் பாருங்கள். 5.5 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி. சுவரில் ஈயக் குழாய்களுக்கான பத்துத் துளைகள். தண்ணீரை ஊருக்குள் பிரித்து அனுப்பிய இடம். கட்டணமில்லை, கூட்டமும் இருக்காது.