பழைய கார் வயரிங் டயகிராமைக் கணினியில் பிரித்துப் படிப்பது: கேள்வி பதில்

லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வயரிங் ஓடும் பழைய பிரிட்டிஷ் கார்களோடு பல வருடப் பழக்கம். டயகிராம் படிப்பது பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனர் வைத்திருக்கிறேன். டயகிராமின் ஃபோட்டோகொப்பி மட்டும்தான் கையில். முழுக்கக் கறுப்புக் கோடு. எங்கே தொடங்க?

நகலின் நகலை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அதில் வயரின் நிறத்தைச் சொல்லும் ஆர் (R) எழுத்தும் பி (B) எழுத்தும் ஒன்றுபோல் அடைபட்டிருக்கும். அசல் கையேட்டை யாரிடமாவது இரவல் வாங்கி, 600 டி.பி.ஐ.யில், கறுப்பு வெள்ளையாக இல்லாமல் கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். மடிப்பு விழுந்த பக்கம் என்றால் இரண்டு பாதியாக எடுத்து, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒட்டிவிடலாம். ஃபோனில் எடுத்த படம் ஓரத்தில் வளையும், வேண்டாம்.

கேள்வி: வயர் பக்கத்தில் 'என்', 'யு' என்றெல்லாம் இருக்கிறதே?

அவை நிறங்களின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். பி (B) என்பது கறுப்புக்குப் போய்விட்டது. அதனால் பிரவுனுக்கு அதன் கடைசி எழுத்தான என் (N), நீலத்துக்கு யு (U). இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது வயரின் நிறம், இரண்டாவது அதன்மேல் ஓடும் மெல்லிய கோடு.

நிறமே வேலையைச் சொல்லிவிடும் என்பதுதான் இதில் அழகு. பிரவுன், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் எப்போதும் கரண்ட் உள்ளது. அதுவே ஃபியூஸ் தாண்டினால் ஊதா. சாவி திருப்பியதும் உயிர் வருவது வெள்ளை. வெள்ளை ஃபியூஸ் தாண்டினால் பச்சை. நீலம் ஹெட்லைட்: நீலம்-வெள்ளை பிரைட், நீலம்-சிவப்பு டிம். தனிச் சிவப்பு பார்க்கிங் லைட்டும் பின் விளக்கும். பச்சை-சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சை-வெள்ளை வலது. கறுப்பு எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் காரின் உலோக உடல்.

கேள்வி: சார், ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் கலர் கொடுத்துப் பார்த்தேன். அழகாக வந்தது, ஆனால் குழப்பம் தீரவில்லை.

தீராது. குழப்பம் நிறத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பழைய டயகிராமில் முன் விளக்குகள் ஒரு ஓரம், பின் விளக்குகள் மறு ஓரம், நடுவே பத்துப் பதினைந்து கோடுகள் ஒட்டி ஒட்டி ஓடும். காரில் எது எங்கே இருக்கிறதோ அப்படியே வரைந்திருப்பார்கள். கலர் பூசினால் கலர் சிக்கல், அவ்வளவுதான்.

இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனை அடியில் ஒரு லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) வைத்து, 40 சதவீதம் தெரியும்படி மங்கலாக்கி, பூட்டிவிடுங்கள். மேலே சார்ஜிங், இக்னிஷன், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், மீட்டர்கள் என்று தனித்தனி லேயர். ஒவ்வொரு வயரையும் அதன் லேயரில் பென் டூலால் வரையுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டால் கோடு கோணலாகப் போகாது. இரட்டை நிற வயருக்கு, அடிநிறத்தில் தடித்த கோடு போட்டு, அதையே நகல் எடுத்து, மேலே மெல்லிய விட்டுவிட்ட கோடாக மாற்றுங்கள். பச்சையின்மேல் சிவப்பு கண்ணில் பளிச்சென்று நிற்கும். வேலை முடிந்ததும் இண்டிகேட்டர் தவிர மற்ற லேயர்களை அணைத்துப் பாருங்கள். பல வருடம் பயமுறுத்திய பக்கத்தில் ஏழெட்டு வயர்கள்தான் மிஞ்சும். எனக்கு அதை முதலில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: தானாக ட்ரேஸ் செய்யும் வசதி இருக்கிறதே, எதற்குக் கையால்?

அது வழக்கமாகக் கோட்டின் இரண்டு ஓரத்தையும் வரைந்து வைக்கும். குறுக்கே போகும் வயரையும் இணையும் வயரையும் ஒன்றாக்கிவிடும். அப்புறம் அதைத் திருத்துவது பெரிய பாடு. கையால் நான்கைந்து மாலை ஆகும். அதற்குள் கார் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

கேள்வி: லண்டனில் 1972 எம்.ஜி.பி. கார் வைத்திருக்கிறேன். பிரேக் லைட் எரியவில்லை. இதற்கு டயகிராம் எப்படி உதவும்?

ஒரு பிரச்சினைக்கு ஒரு தாள். பெரிய படத்தை மறந்துவிட்டு, மேலிருந்து கீழாகப் புதிதாக வரையுங்கள்: பேட்டரி, பிரவுன், சாவி, வெள்ளை, ஃபியூஸ், பச்சை, பிரேக் ஸ்விட்ச், பச்சை-ஊதா, விளக்கு, கறுப்பு, எர்த். இதற்காகவே நான் லிப்ரே ஆபிஸின் கால்க்கில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். ஒரு வயருக்கு ஒரு வரி: நிறம், எங்கிருந்து, எங்கே, எந்த லேயர், சோதித்தாயிற்றா. வடிகட்டினால் பிரேக் லைட் வயர்கள் மட்டும் வந்து நிற்கும்.

இப்போது சாவியைப் போட்டு டெஸ்ட் லாம்ப்பை எடுங்கள். ஸ்விட்சின் பச்சையில் எரிகிறது, பிரேக் மிதித்தும் பச்சை-ஊதாவில் எரியவில்லை என்றால் ஸ்விட்ச்தான். பச்சையிலேயே இல்லையா? அதே பச்சையில்தான் இண்டிகேட்டரும் பெட்ரோல் மீட்டரும் தொங்குகின்றன. அவையும் செத்திருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். பச்சை-ஊதாவில் கரண்ட் வந்தும் விளக்கு எரியாவிட்டால் பல்பு, பின்பக்க இணைப்பு, எர்த்.

கேள்வி: என் அம்பாசடரில் முன்பு வேலை பார்த்தவர்கள் எல்லாவற்றையும் சிவப்பு வயராக மாற்றிவிட்டார்கள். டயகிராம் இனி எதற்கு?

இப்போதுதான் அதிகம் தேவை. 'காரில் உள்ளபடி' என்று இன்னொரு லேயர் போடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்து, ஒவ்வொரு முனையாகத் தேடி, இருப்பதை வரையுங்கள். கம்பெனி படத்தை மேலே வைத்து ஒப்பிட்டால் எங்கே மாறியது என்று தெரியும். சோதிக்காத வயரை நான் விட்டுவிட்ட கோடாகவே வைத்திருப்பேன், நிச்சயமான பிறகுதான் முழுக்கோடு.

கேள்வி: மைனர் டயகிராமில் பேட்டரி பிளஸ் எர்த்துக்குப் போகிறதே, அச்சுப்பிழையா?

இல்லை. மைனர் பாசிட்டிவ் எர்த் கார். எம்.ஜி.பி.யும் 1967 கடைசி வரை அப்படித்தான், அதன் பிறகே நெகட்டிவ். ஆகவே தாளின் தலையில் வருடத்தையும் எர்த் எந்தப் பக்கம் என்பதையும் பெரிதாக எழுதுங்கள்.

கேள்வி: ஜெர்மன் கார்களுக்கும் இதே நிறக் கணக்கா?

இல்லை. அங்கே வயர் சேரும் முனைக்குக் கொடுத்த எண்ணைப் பிடியுங்கள். 30 நேரடி பேட்டரி, 15 சாவி வழி, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர். லேயர் பிரிக்கும் முறை அதேதான்.

கேள்வி: முடித்ததை எப்படி வைத்துக்கொள்வது?

இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்.வி.ஜி. கோப்பு கணினியில் இருக்கட்டும், திருத்த வேண்டிவரும். ஒவ்வொரு லேயரையும் தனித்தனியாக ஏ3 தாளில் அச்செடுத்து லேமினேட் செய்து காரிலேயே வையுங்கள். கிரீஸ் கையோடு ஃபோனைத் தொட முடியாது, தாளைத் துடைத்துக்கொள்ளலாம்.