ஃபார்மட் போடும் முன் பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். 2019இல் வாங்கிய லேப்டாப்; ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்தால் வேலைக்கு வர பத்து நிமிடம் ஆகிறது, அதற்குள் வியாபாரம் பாதி நடந்துவிடுகிறது. கடையில் ‘ஃபார்மட் பண்ணி விண்டோஸ் 11 போட்டுடலாம்’ என்கிறார்கள். டாலி கணக்கு, பழைய தமிழ்க் கடிதங்கள், பிள்ளைகளின் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. நானே செய்ய முடியுமா? எதுவும் அழியாமல் இருக்குமா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். விண்டோஸ் ஏற்றுவது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைதான். அதற்கு முன்னால் எது எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வைப்பதற்குத்தான் ஒரு நாள் வேண்டும். தருமபுரியில் பல வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். டேட்டா போய்விட்டது என்று வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ஒரு நாளைத் தாண்டிக் குதித்தவர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே புதிதாக விண்டோஸ் போட்டால் கொஞ்ச நாள் சுறுசுறுப்பாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். சுழலும் டிஸ்க்கில் இன்றைய விண்டோஸ் திணறத்தான் செய்யும். ஆகவே 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்குங்கள். இரண்டரை அங்குல சாட்டா வகை, இப்போதுள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே உட்காரும். முடிந்தால் ராமையும் 8 ஜிபி ஆக்குங்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபிதான் என்றாலும், டாலியும் குரோமும் சேர்ந்து ஓட அது போதாது.

எஸ்எஸ்டி வாங்கச் சொல்வதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதில் விண்டோஸ் போட்டால், தவறாக அழிப்பதற்கு மெஷினுக்குள் எதுவுமே இருக்காது. பழைய டிஸ்க் அப்படியே உங்கள் கையில் இருக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இரண்டு 500 ஜிபி டிஸ்க்குகள். இன்ஸ்டாலேஷன் திரையில் இரண்டுமே 465 ஜிபி என்றுதான் காட்டின. டிஸ்க் 0 எது, 1 எது என்று பார்க்காமல் டெலீட் கொடுத்தேன். ஒரு கல்யாண ஆல்பம் முழுவதும் அதில் இருந்தது. அன்றிலிருந்து தேவையில்லாத டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்காமல் நான் இன்ஸ்டாலேஷன் தொடங்குவதே இல்லை.

வாங்கக் கிளம்பும் முன் பிராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ3க்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண் 8இல் தொடங்கினால் விண்டோஸ் 11 ஏறும். 7 என்றால் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அது இல்லை; 2019இல் விற்ற பல லேப்டாப்களில் 7020 என்ற பிராசஸர்தான் இருந்தது. சந்தேகம் இருந்தால் மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினால் சொல்லிவிடும். ஏறாது என்று வந்தால் குறுக்கு வழியில் ஏற்றச் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அந்த நிலையில், கணக்கு எழுதும் மெஷினை மாற்றிவிடுவதுதான் என் யோசனை.

சரி, இனி பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியவை. டாலியைத் திறந்து, கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா இருக்கும் பாதையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போனால் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். அவைதான் உங்கள் கம்பெனிகள். அவற்றை அப்படியே காப்பி எடுத்து, டாலிக்குள்ளிருந்தும் ஒரு பேக்கப் எடுங்கள். லைசன்ஸ் வாங்கியிருந்தால் அதை உள்ளேயே ‘சரண்டர்’ செய்துவிடுங்கள், அதாவது இந்த மெஷினிலிருந்து விடுவித்துவிடுங்கள். இதை மறந்தால் புது விண்டோஸில் லைசன்ஸ் ஏற மறுத்து, மண்டி நேரத்தில் போனும் கையுமாக நிற்க வேண்டிவரும்.

தமிழ்க் கடிதங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வரி வரியாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பலர் அழித்தே விடுகிறார்கள். கெடவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், அதிலிருந்து எழுத்துருவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் பிரிண்டரின் மாடல் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சி டிரைவின் படத்தில் பூட்டு தெரிந்தால் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, கீ இல்லாமல் வேறு மெஷினில் திறக்காது; நிறுத்திவிட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிய பிறகே டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

பழைய டிஸ்க் கையில் இருக்கிறதே என்று இதோடு விடாதீர்கள். வயதான டிஸ்க் அது. டாலியும் போட்டோவும் வேறொரு டிரைவில் இன்னொரு பிரதி இருக்கட்டும், அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்.

8 ஜிபிக்குக் குறையாத காலி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் ‘மீடியா கிரியேஷன் டூல்’ மூலம் தயார் செய்யுங்கள். பல ஜிபி இறங்கும். போனின் ஒரு நாள் டேட்டாவுக்குள் அடங்காது, பிராட்பேண்ட் உள்ள வீட்டில் செய்யுங்கள். லேப்டாப்பைத் திறந்து எஸ்எஸ்டி மாட்டக் கை நடுங்கினால், அதை மட்டும் கடையில் கொடுங்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பென் டிரைவைச் செருகி ஆன் செய்யும்போது பூட் மெனு கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. பட்டியலில் யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்ட பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். புராடக்ட் கீ கேட்டால் ‘இல்லை’ என்று கொடுங்கள். லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸ் என்றால் உரிமம் மதர்போர்டோடு இருக்கும், நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். ஆனால் விண்டோஸில் ஹோம், புரோ என்று வகைகள் உண்டு; முன்பு ஹோம் இருந்தால் ஹோமையே தேர்ந்தெடுங்கள். கடைகளில் புரோ போட்டு, உரிமம் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் திருட்டு மென்பொருளான ஆக்டிவேட்டரை ஓட்டித் தருவது சகஜம். பேங்க் கணக்கு திறக்கும் மெஷினில் அதை ஏற்றவே கூடாது.

டிஸ்க் திரையில் ஏறக்குறைய 238 ஜிபி என்று ஒரே வரி இருக்கும். 256 ஜிபியை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். 931 ஜிபி என்று தெரிந்தால் அது உங்கள் பழைய டிஸ்க், உடனே நிறுத்துங்கள். முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது எந்தக் கீயையும் தொடாதீர்கள்; தொட்டால் மறுபடி பென் டிரைவுக்குள் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பேட்டரி நிற்காத லேப்டாப் என்றால் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் வேண்டாம். நடுவில் கரண்ட் போனாலும் பயப்படாமல் மறுபடி போட்டுக்கொள்ளலாம், நேரம்தான் நஷ்டம்.

வைஃபை தெரியவில்லை என்றால் போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், போனின் நெட் லேப்டாப்புக்கு வரும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பேக்கப் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று கொடுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான், உங்கள் போட்டோவுக்கே பத்தாது. விண்டோஸ் அப்டேட்டை இரண்டு மூன்று சுற்று ஓட விட்டால் பெரும்பாலான டிரைவர்கள் வந்துவிடும்.

பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) போட்டுச் செருகுங்கள். உங்கள் பெயருள்ள ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லி ‘கன்டினியூ’ கேட்கும். அழுத்திவிட்டுக் காத்திருங்கள், திறந்துவிடும். மண்டிக் கணக்கு இரண்டு மூன்று வாரம் புது விண்டோஸில் ஓடி, பில் சரியாக அச்சாகி வரும்வரை அந்த டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம்.