நன்றிக்கு அடுத்த அதிகாரம்

கேள்வி: உயர் பதவியில் நியமிக்கப்படுகிறவர்கள் உருகி உருகி நன்றி சொல்லிப் பதவி ஏற்கிறார்கள். பிறகு அவர்களில் சிலர், பதவி தந்தவருக்கு எதிராகவே முடிவெடுக்கிறார்கள். 'உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்ற குறள் இவர்களுக்குப் பொருந்தாதா?

பதில்: பணியில் இருந்த காலத்தில் மேலிடத்துக்காரர்கள் பலருக்கு ஏற்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். ஒருவர் தாமே எழுதிக்கொண்டு வந்த வரைவில் 'நன்றி' எட்டு இடத்தில் இருந்தது. 'கடமை' ஓர் இடத்தில்கூட இல்லை. ஏழு நன்றியை அடித்தேன். முகம் சுளித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் சொல்வது 110-வது குறள். 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரம் அதோடு முடிகிறது. பக்கத்தைத் திருப்புங்கள், அடுத்தது 'நடுவு நிலைமை'. ஏன் இந்த வரிசை? ஒருவர் செய்த உதவியை நினைக்கும்போதுதான் நடுநிலை குலையும். அங்கேயும் குலையக் கூடாது என்பதற்காகவே வள்ளுவர் இதைப் பின்னால் வைத்தார் என்கிறார் உரையாசிரியர் பரிமேலழகர். எத்தனை கூர்மை பாருங்கள்! பகைவனிடம் நியாயமாக நடந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். உபகாரம் செய்தவரிடம்தான் தராசு தானாகச் சாயும். நம் பதவிப் பிரமாணத்திலும் 'விருப்பு வெறுப்பு' இரண்டையும் விலக்கச் சொல்கிறார்கள். வெறுப்பை மட்டும் விலக்கினால் போதாது.

வாரன் பர்கரை அமெரிக்கத் தலைமை நீதிபதியாக 1969-இல் நியமித்தவர் அதிபர் நிக்சன். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் அத்துமீறி நுழைந்த வாட்டர்கேட் விவகாரத்தில், தம் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று அதே நிக்சனுக்கு எதிராக, 1974 ஜூலை 24-இல் தீர்ப்பு எழுதியவர் பர்கர். எட்டு நீதிபதிகளும் ஒரே குரல். எட்டில் மூவர் நிக்சன் நியமித்தவர்கள். பதினாறாம் நாள் நிக்சன் பதவி விலகினார். பர்கர் நன்றி கொன்றவரா? வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் அவரை நம்பி வந்தவர்களுக்குத் துரோகம்.

கேள்வி: ஏற்புக் கடிதத்தில் 'தகுதியற்ற என்னை' என்று அடக்கமாக எழுதலாமா?

பதில்: வேண்டாம். தகுதியில்லை என்றால் ஏன் ஏற்கிறீர்கள்? தேர்ந்தெடுத்தவருக்குக் கண் தெரியவில்லை என்றும் அர்த்தமாகிவிடும். ஏற்க முடியாது என்றால் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடலாம். வில்லியம் டாஃப்ட் அமெரிக்க உச்ச நீதிமன்றப் பதவிக்கு ஏங்கியவர். 1902-இல் அது தேடி வந்தபோது, பிலிப்பைன்ஸில் ஆளுநராக எடுத்த வேலை முடியவில்லை என்று மறுத்தார். கடைசியில் 1921-இல்தான் அங்கே போய் உட்கார்ந்தார், தலைமை நீதிபதியாக. நடுவில் அதிபர் பதவியையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்!