பழைய காரில் ‘டொக் டொக்’: கேள்வி பதில்

“கார்ல சத்தம் வருது, என்னவா இருக்கும்?” என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எப்போது வருகிறது என்று சேர்த்து எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கார்புரேட்டர் மாருதி 800. தேனிக்குப் போகும்போது ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில், டாப் கியரில் மிதித்தால் ‘கிணுகிணு’வென்று சத்தம். இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். (உசிலம்பட்டி)

இறக்க வேண்டாம், பொறுங்கள். மிதியைத் தளர்த்தினாலோ கியரைக் குறைத்தாலோ சத்தம் உடனே நிற்கிறதா? நின்றால் அது பெட்ரோல் நாக்கிங். பிளக் வைத்த தீ முழுக்கப் பரவும் முன்பே, மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பதால் வருவது. முதலில் டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங், அதாவது பிளக் தீ வைக்கிற நேரம், பார்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அதிகமாக, அதாவது தீ ரொம்ப முன்கூட்டியே வைப்பதாக இருக்கலாம். அப்புறம் ரேடியேட்டர், சிலிண்டர் ஹெட்டில் படிந்த கார்பன், கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவாகப் போகிறதா என்பது. சித்திரை வெயிலில் இது இன்னும் கூடும். மைலேஜ் ஆசையில் ஏற்றத்திலும் டாப் கியரை விடாமல் உருட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. அதை விட்டாலே பாதி சரியாகும்.

பழைய சான்ட்ரோ. இன்ஜின் சூடான பிறகு அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகமாகிறது. சிக்னலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் போதுமா? (மேலூர்)

போதாது. வண்டியை இனி ஓட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கும் கட்டி இழுத்தே கொண்டுபோங்கள். கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்குமே தவிர, தேய்ந்த பிக் எண்ட் பேரிங்கை, அதாவது பிஸ்டன் ராடு கிராங்க் தண்டோடு சேரும் இடத்து பேரிங்கை, சரிசெய்யாது.

முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் குனிந்து சேம்பரை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, பாருங்கள். உயரமான ஸ்பீடு பிரேக்கரில் அடிவாங்கி அது உள்ளே நசுங்கியிருந்தால், ஆயில் உறிஞ்சும் வலைக்கு வழி அடைபட்டு பிரஷர் விழும். லைட்டை மட்டும் நம்பாமல் கேஜ் மாட்டி பிரஷரை அளக்க வேண்டும், ஏனென்றால் கெட்ட சுவிட்சும் லைட்டை எரியவிடும். மெக்கானிக் இன்ஜினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றுவார், சில நொடி ஐடிலில் ஓட்டிக் கேட்பார், மறுபடி நிறுத்தி அடுத்த வயருக்குப் போவார். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் நன்றாகக் குறைகிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்த ராடில்தான். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தால் மடிப்புக்குள் பேரிங்கின் உலோகத்தூள் மினுங்கும். அது தெரிந்தால் பிறகு விவாதமே இல்லை. இப்போதே நிறுத்தினால் கிராங்கைச் சாணை பிடித்து, ஒரு சைஸ் தடித்த பேரிங் போட்டுத் தப்பிக்கலாம். ராடு முறிந்து பிளாக்கில் ஓட்டை போட்டுவிட்டால் வேறு இன்ஜின்தான்.

டீசல் அம்பாசடர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டுகிறது, கொஞ்சம் ஓடியதும் அடங்கிவிடுகிறது. (திருமங்கலம்)

தேய்ந்த பிஸ்டன் குளிர்ந்த சிலிண்டருக்குள் ஆடுகிற சத்தமாக இருக்கலாம். சூட்டில் விரிந்ததும் இடைவெளி குறைந்து அடங்கும். டீசல் குளிரில் கொஞ்சம் தட்டுவதும் இயல்புதான். நீலப்புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் ஓட்டுங்கள்.

சிம்மக்கல் சந்துகளில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் ‘டக் டக் டக்’. (மதுரை)

ஆக்சில் ஜாயின்ட். முன்சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருக்கும். பூட் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் சின்னச் செலவு. சத்தம் வந்த பிறகு ஜாயின்டையே மாற்ற வேண்டியதுதான்.

நத்தம் ரோட்டில் தனியாகப் போனால் பள்ளத்துக்குப் பள்ளம் பின்னால் ‘டொடக்’. குடும்பத்தோடு போனால் சத்தமே இல்லை. ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள்.

குடும்பத்தோடு போகும்போது டிக்கி நிறையப் பை இருக்குமே! அந்த நெருக்கடியில் உள்ளே கிடக்கும் சாமான் ஆடாது. டிக்கியைக் காலிசெய்து, ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அதே ரோட்டில் ஒரு தடவை போய் வாருங்கள். அப்போதும் தட்டினால் ஷாக் அப்சார்பரின் மேல் புஷ்ஷைப் பாருங்கள். பல நேரம் ரப்பர் மட்டும்தான் போயிருக்கும்.