‘நூறு சதவீத மெரினோ’ என்றார்கள், தீயில் உருகுகிறது

கேள்வி: மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். மகள் ஊட்டியில் இருக்கிறாள், மார்கழியில் பிரசவம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் பின்ன, ‘100% மெரினோ உல்லன்’ என்று ஆன்லைனில் போட்டிருந்த நூல்கண்டு ஆறு வாங்கினேன், ஒன்று 450 ரூபாய். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு துண்டை எரித்துப் பார்த்தாள். உருகிக் கறுப்பு மணி மாதிரி இறுகிவிட்டது. கடைக்காரரோ பிரித்த நூலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பின்னுவதை நிறுத்துங்கள் அம்மா. மீதி நூல், லேபிள், பில், ‘100% மெரினோ’ என்று காட்டும் விற்பனைப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் செய்தது நல்ல சோதனை. மெரினோ என்பது மெல்லிய உரோமம் தரும் செம்மறி இனம். ஆட்டு உரோமத்தை எரித்தால் முடி கருகும் வாடை வரும், தீயை விலக்கியதும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பட்டும் ஏறக்குறைய அப்படியே. அக்ரிலிக் என்ற செயற்கை இழை கரும்புகையோடு எரிந்து, உருகிக் கெட்டி மணியாகும். கருகிய முடி வாடையும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு நூல். எதுவானாலும் மணி விழுந்த நூல் நூறு சதவீத மெரினோ ஆகாது.

நெருப்பில்லாத இன்னொரு சோதனையும் இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் துணி வெளுக்கும் குளோரின் ப்ளீச் ஊற்றி, ஒரு சாண் நூலைப் போட்டு வையுங்கள். உரோமமும் பட்டும் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். அக்ரிலிக்கும் பருத்தியும் கரையாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அப்படியே வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்பது இங்கே எடுபடாது. பிரிக்காமல் நூலை எப்படிப் பின்னுவது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். கடைக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இழையைப் பற்றி விற்றவர் தகராறு செய்தால், ஆணையமே நூலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆகவே ஒரு கண்டையாவது தொடாமல் வையுங்கள். 2,700 ரூபாய்க்கு இவ்வளவா என்று விட்டுவிடாதீர்கள்.

இதில் சொல்லின் குழப்பமும் ஒன்று இருக்கிறது. நம் மாசி வீதிக் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்து வைப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். ‘காஷ்மிலான்’ என்ற பெயரில் காஷ்மீர் வாசம் அடித்தாலும் அதுவும் அக்ரிலிக்தான். வாசல் தோரணத்துக்கும் பொம்மைக்கும் அதுவே போதும், வாங்குவதில் தப்பில்லை. அக்ரிலிக்குக்கு மெரினோ விலை வாங்குவதுதான் அநியாயம். அதிலும் பச்சைப்பிள்ளை உடுப்பில், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும் இழையை உரோமம் என்று சொல்லி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை கடைக்காரர் வாய்ச்சொல்லையோ கையில் தெரியும் மென்மையையோ நம்பாமல், லேபிளில் இழையின் பெயரும் சதவீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மெரினோ டச்’, ‘உல் ஃபீல்’ என்பதெல்லாம் இழையின் பெயர் அல்ல. குழந்தைக்கு, அலசினால் சுருங்காதபடி பதப்படுத்திய ‘சூப்பர்வாஷ்’ மெரினோ நல்லது. சாதாரண உரோமத்தைச் சுடுநீரில் போட்டு அலசினால் அதன் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஸ்வெட்டர் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிடும்.

கேள்வி: அங்கோராவும் மோஹேரும் ஒன்றா?

பதில்: இல்லை. அங்கோரா நூல் அங்கோரா முயலின் முடி. மோஹேர் அங்கோரா ஆட்டின் முடி. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம். முயல் முடி பஞ்சுபோல் உதிரும், கைக்குழந்தைக்கு வேண்டாம்.

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் செம்மறி வளர்க்கிறோம். கத்தரிக்கும் முடியில் பின்னல் நூல் செய்ய முடியுமா?

பதில்: ஆசைப்படுவது புரிகிறது, ஆனால் உங்கள் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கறுப்பும் சரி, கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளையும் சரி, கறிக்காக வளர்க்கும் முடி ஆடுகள். அந்த முடி குட்டை, முரடு. இழையின் பருமன் 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினாலே தோலில் குத்தும். மெரினோ 24-க்கும் கீழே, குழந்தை உடுப்புக்கு 19-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. தமிழ்நாட்டில் மெல்லிய உரோமத்துக்குப் பேர்போனது நீலகிரிச் செம்மறி. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ என்ற செம்மறி இனத்தை வளர்க்கிறது. ஒரு நாள் போய் அந்த உரோமத்தைக் கையில் வாங்கி, உங்கள் ஆட்டு முடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.