சஸ்பென்ஸ் கதையில் வாசகர் கண்டுபிடித்துவிடாதபடி துப்புகளை எப்படி வைப்பது?

கடைசியில் வரும் திருப்பத்துக்கான துப்பு முன்பே கதையில் இருக்க வேண்டும், ஆனால் படிப்பவர் அதை வைத்து முடிவை ஊகித்துவிடவும் கூடாது, அதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், துப்பை மறைக்கவே பார்க்காதீர்கள். நன்றாகத் தெரிகிற இடத்திலேயே வைத்து, அதற்கு அங்கே வேறு ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வரி எதற்காக வந்தது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், வாசகர் இன்னொரு காரணத்தைத் தேடிக்கொண்டு நிற்கமாட்டார்.

அந்த வீட்டுப் பக்கமே வந்ததில்லை என்று சாதிக்கும் ஒருவன்தான் கொலையாளி என்று வைத்துக்கொள்வோம். ஹாலில் சுவிட்ச் ஏடாகூடமாக அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. கொலைக்குப் பிறகு துக்கம் விசாரிக்க வருகிறவன் ‘இருட்டில் நேராக நடந்துபோய் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு சுவிட்சைப் போட்டான்’ என்று எழுதி அத்தோடு பத்தியை முடித்தீர்களானால் கதை அங்கேயே காலி, ஏனென்றால் பத்தியின் கடைசி வரியில் எதை வைத்தாலும் அது பளிச்சென்று நிற்கும். அதையே இப்படி எழுதலாம்: ‘குடையை மடக்கிச் சுவரோரமாகச் சாத்திவிட்டு, அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு விளக்கைப் போட்டான். அவள் அவ்வளவு நேரமும் இருட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது.’ இப்போது வாசகரின் கவனம் அவள் முகத்துக்குப் போய்விடும். விளக்கைப் போட்டதே அவளைக் காட்டுவதற்காகத்தான் என்று எடுத்துக்கொள்வார்.

ஆனால் இது பாதி வேலைதான். அந்த சுவிட்ச் புதிதாக வருகிறவர் கண்ணில் படாது என்பதும் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே? அதற்கு இரண்டு மூன்று அத்தியாயம் முன்னால் இன்ஸ்பெக்டர் அதே ஹாலில் சுவரெல்லாம் தடவி அலுத்துப்போகட்டும், அந்தப் பெண் வந்து விளக்கைப் போட்டுவிட்டு “புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இதே பாடுதான் சார்” என்று சொல்லட்டும். அங்கே அது ஒரு சின்ன நகைச்சுவை, அவ்வளவுதான். துப்பை இப்படி இரண்டாக உடைத்துத் தள்ளித் தள்ளி வைத்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வாசகர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்கும் அது ஒரு சந்தோஷம்தானே.

பொருட்களாக இருந்தால் பட்டியலின் நடுவில் போடுவது பழைய உத்தி. பட்டியலின் தொடக்கமும் முடிவும் நினைவில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவும் என்பது உளவியல் சோதனைகளில் பார்த்த விஷயம். ஒரு கதையில் ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், தேர்ந்த வாசகர்கள் நடுவில் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது, நடக்க வேண்டியது நடக்காமல் போவதையே துப்பாக்குவது. கானன் டாயல் 1892இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் குதிரை காணாமல் போன இரவில் லாயத்து நாய் குரைக்கவில்லை, அப்படியானால் வந்தது அதற்குப் பழகிய ஆள். இல்லாத ஒன்றைக் கவனிப்பது வாசகருக்கு ரொம்பக் கஷ்டம், அதே சமயம் ஏமாற்றிவிட்டீர்கள் என்று உங்கள் மேல் பழி போடவும் முடியாது.

முன்குறிப்பு, அதாவது பின்னால் வரப்போவதை முன்கூட்டியே லேசாகக் கோடிகாட்டுவது, வேறு விஷயம். துப்பு புத்திக்கு, முன்குறிப்பு மனசுக்கு, அது உணர்த்தினால் போதும். ‘அடுத்த சில மணி நேரத்தில் நடக்கப்போகும் விபரீதத்தை அப்போது அவன் அறிந்திருக்கவில்லை’ என்ற வரியை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், தொடர்கதைகளில் தேய்ந்து ஓய்ந்துபோன வரி அது. பாலத்தில் விபத்து வரப்போகிறது என்றால், முன்பே ஒரு நாள் அதைக் கடக்கும்போது பேச்சு சுவாரஸ்யத்தில் இருப்பவன் தன்னையறியாமல் கைப்பிடியை விட்டுத் தள்ளி நடக்கட்டும்.

துப்பறிகிறவர் கண்டுபிடிக்கும் துப்பு உடனே வாசகர் பார்வைக்கும் வந்துவிட வேண்டும் என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இலேயே விதி எழுதி வைத்தார். அவர் எழுதிய பத்து விதிகளில் சிலதை இன்று யாரும் கண்டுகொள்வதில்லை, இது மட்டும் நிற்கிறது.

இதையெல்லாம் முதல் வரைவிலேயே செய்ய முயலாதீர்கள். முடிவை எழுதிவிட்டு, பின்னோக்கி வந்து செருகுவதுதான் சுலபம். அப்புறம் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எந்த அத்தியாயத்தில் யார் மேல் சந்தேகம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். சுவிட்ச் விஷயம் உடையும் இடத்தில் “அட, ஆமால்ல!” என்றால் சரியாக வைத்திருக்கிறீர்கள். “இது எங்கே வந்துச்சு?” என்று பக்கங்களைப் புரட்டினால் இன்ஸ்பெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் சுவரைத் தடவ விடுங்கள்.