டெஸ்டிங் வேலையை விட்டுவிட்டு ஏஐ முனைவர் பட்டமா?

கேள்வி: எனக்கு வயது 31. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், 78 சதவீதம். கோவையில் ஐடி நிறுவனம் ஒன்றில் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலை. மகளுக்கு நாலு வயது. ஏஐயில் பிஎச்.டி. பண்ண வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ‘இந்த வயசுல வேலையை விட்டுட்டுப் படிப்பா?’ என்கிறார் அப்பா. கணவர் தடை சொல்லவில்லை, ஆனால் வீட்டுக் கடன் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதி நேரமாகச் சேர்ந்தால் மூன்றே வருடத்தில் முடித்துவிடலாம், ஆய்வுப் பேப்பரெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். முடிப்பதற்குள் ஏஐயே மாறிப்போய்விடுமோ என்றும் பயம். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: பேப்பரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். காசு கொடுத்துப் போட்ட கட்டுரை எது என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் படித்தாலே தெரிந்துவிடும். பகுதி நேரப் படிப்பில் தவறே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளே அதை அனுமதிக்கின்றன. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, எதற்காக இந்தப் பட்டம்? ஏஐ வேலைக்கு மாறுவதுதான் நோக்கம் என்றால் பிஎச்.டி. சுற்றுவழி. சாட்ஜிபிடிக்கு முன்னோடியாக 2018-இல் வந்த முதல் ஜிபிடி ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அலெக் ராட்ஃபோர்டே முனைவர் பட்டம் வாங்கியவர் இல்லை. ஏதோ ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் அரிக்கிறது என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். உங்கள் கடிதத்தில் அப்பா, கணவர், கடன் எல்லாம் வருகிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் காணோம்.

ஆனால் அது உங்கள் கையிலேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். டெஸ்டிங் என்றால் மட்டமாக நினைக்கிற பழக்கம் ஐடியில் உண்டு, உங்கள் எழுத்திலும் அந்தத் தயக்கம் தெரிகிறது. இன்றைக்கு ஏஐ ஆய்வில் பெரிய தலைவலியே, ஒரு மாடலுக்கு (சாட்ஜிபிடி மாதிரி ஏஐகளுக்குள் இருக்கும் மூளை என்று வையுங்கள்) நிஜமாகவே விஷயம் தெரியுமா, ஒப்பிக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான். மாடலுக்கு வைக்கும் தேர்வின் கேள்விகள் இணையத்தில் கிடக்கின்றன. மாடல் படித்ததும் அதே இணையத்தைத்தான். 2024-இல் ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் சிலர் பள்ளிக்கூடக் கணக்குகளை எடுத்து எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் இறங்கியது. பறித்த கிவிப் பழங்களைக் கூட்டச் சொல்லும் கணக்கில், ‘அதில் ஐந்து பழம் கொஞ்சம் சின்னது’ என்று சம்பந்தமில்லாத ஒரு வரியை நுழைத்தார்கள். சில மாடல்கள் அந்த ஐந்தைக் கழித்துவிட்டே விடை சொல்லின! டெஸ்ட் கேஸ் எழுதிப் பழகிய உங்களுக்கு இது புதிதா என்ன? எங்கே தட்டினால் உடையும் என்று யோசிப்பதுதானே தினசரி வேலை. தமிழில் இப்படித் தட்டிப் பார்த்தவர்கள் குறைவு. இன்னொரு வசதி, இதற்கு ஏஐயைப் பயிற்றுவிக்கும் ஜிபியு சிப்புகள் ஆயிரக்கணக்கில் தேவையில்லை. பெரிய மாடலைப் புதிதாகப் பயிற்றுவிக்கும் போட்டியில் எந்தப் பல்கலைக்கழகமும் கம்பெனிகளோடு மல்லுக்கட்ட முடியாது. மாடல்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். எந்த மாடல் வந்தாலும் அதைச் சோதிக்க ஆள் வேண்டும். அதனால் அந்தப் பயத்தை விடுங்கள்.

தகுதிக்கு வருவோம். நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் எம்.இ. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க யுஜிசி விதி இடம் தருகிறது. படிப்புக் காலம் மூன்று முதல் ஆறு வருடம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் வரை நீட்டிப்பு உண்டு. ஐஐடிகளின் விதிகள் வேறு. சென்னை ஐஐடியில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கு பி.இ. முடித்தவர்களை கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் பார்த்து எடுக்கிறார்கள். ஆராய்ச்சி ஒத்துவருமா என்று ஆழம் பார்க்க நல்ல வழி. டேட்டா சயின்ஸ், ஏஐக்கென்றே 2024 முதல் தனி கேட் தாள் இருக்கிறது. லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் மறந்திருக்கும். முதலில் அவற்றைத் தூசி தட்டுங்கள்.

பணத்தில் அப்பா சொல்வதை ஒதுக்க முடியாது. நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு இருப்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தவணை போக இதில் வீடு ஓடுமா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஓடாது என்றால் பகுதி நேரம்தான். அதில் மானமும் இல்லை அவமானமும் இல்லை.

கல்லூரிப் பெயரைவிட கைடுதான் முக்கியம். அவரிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் எதிரில் கேட்காதீர்கள். மாணவர்களைக் கேன்டீனில் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். குழந்தையோடு படிக்கும் பெண் யாராவது அங்கே இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள்.

இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். நிரலையும் சேர்த்து வெளியிட்ட கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் இருக்கிற அட்டவணையின் எண்கள் உங்கள் லேப்டாப்பில் வருகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் வராது. ஏன் வரவில்லை என்று பத்து நாள் மண்டையைக் குடைந்த பிறகும் அலுப்புத் தட்டவில்லை என்றால், எந்தக் கட்டுரை, எங்கே இடித்தது என்று எனக்கு எழுதுங்கள். யாரிடம் விண்ணப்பிக்கலாம் என்று அப்போது பேசுவோம்.